ஜோகன்னஸ்பர்க் குளிருக்கு டூவேயா, பெட்ஷீட்டும் கம்பளியுமா?

கேள்வி: சென்னையிலிருந்து மே மாதம் குடும்பத்தோடு ஜோகன்னஸ்பர்க், லெனேசியாவுக்குக் குடிவருகிறோம். நாங்கள் இருவர், ஆறு வயதுப் பையன், எட்டு மாதக் குழந்தை. அங்கே எல்லோரும் டூவேதான் போர்த்திக்கொள்கிறார்களாம். வாங்கணுமா, பெட்ஷீட்டும் கம்பளியும் போதாதா? டர்பனில் சித்தப்பா வீட்டுக்கும் அடிக்கடி போவோம்.

பதில்:

லெனேசியா வீட்டுக்கு டூவே, அதாவது உள்ளே திணிப்பு வைத்த போர்வை, வாங்குங்கள். டர்பனுக்கு வேண்டாம். ஜோகன்னஸ்பர்க் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 1,750 மீட்டரில் இருக்கிறது. ஜூலை இரவு சராசரியாக 4 டிகிரிக்கு இறங்கும், புல்லில் உறைபனி பிடிக்கும். டர்பனில் அதே ஜூலை இரவு பெரும்பாலும் 11, 12 டிகிரியோடு நின்றுவிடும். ஜனவரி இரவோ 21 டிகிரி, கூடவே கடல் புழுக்கம். இன்னொன்றையும் தெரிந்துகொண்டு வாருங்கள். இங்கே வீட்டையே சூடாக்கும் ஏற்பாடு அநேகமாகக் கிடையாது. ஒற்றைக் கண்ணாடி ஜன்னல், டைல்ஸ் தரை. விடியற்காலையில் படுக்கையறைக்குள்ளேயே வாயிலிருந்து புகை வரும் வீடுகள் உண்டு. ஆகவே சூட்டைப் படுக்கைக்குள்தான் சேர்த்துவைக்க வேண்டும்.

டூவே என்பது பிரெஞ்சுச் சொல். பறவையின் மென்சிறகு என்று பொருள். நாம் தூவி என்பதேதான். பெயர்தான் அப்படி, கடையில் கிடைப்பதில் பெரும்பங்கு பாலியஸ்டர் இழை. ரஜாய் மாதிரி இல்லாமல் இது இரண்டு சாமான்: உள்ளே திணிப்போடு தைத்த இன்னர், அதற்கு மேல் கழற்றித் துவைக்கும் கவர். இரண்டும் தனித்தனியாக விற்கும். கவர் செட்டை மட்டும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, உள்ளே ஒன்றுமில்லையே என்று விழிப்பது புதிதாக வருபவர்களுக்கு வழக்கம்.

எடையைக் கையில் தூக்கிப் பார்த்து வாங்காதீர்கள். சூடு தருவது துணி இல்லை, இழைகளுக்கு நடுவே அசையாமல் நிற்கும் காற்று. பாலியஸ்டர் இன்னர் பொட்டலத்தில் ஜி.எஸ்.எம். என்று ஓர் எண் இருக்கும்: ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் திணிப்பு என்பது அது. 200 கோடைக்கு. 300 என்றால் செப்டம்பரிலிருந்து மே வரை ஓட்டலாம். ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை 400 அல்லது 500 வேண்டும். எண் உண்மைதானா என்று கடைத் தராசிலேயே பார்த்துவிடலாம். டபுள் இன்னர் 200×200 செ.மீ., அதாவது 4 சதுர மீட்டர், 300 ஜி.எஸ்.எம். என்றால் திணிப்பு மட்டும் 1.2 கிலோ. மேல்துணியோடு சேர்த்தே ஒரு கிலோ வரவில்லையென்றால் பொட்டலம் பொய் சொல்கிறது.

அடுத்து, இன்னரை விளக்குக்கு நேரே பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் திட்டுத்திட்டாக ஊடுருவினால் திணிப்பு சமமாக இல்லை. தையல் சிறு சிறு கட்டங்களாக இருக்க வேண்டும். நீளவாக்கில் வெறும் கோடுகளாகத் தைத்ததில், இரண்டாவது சலவைக்குள் பஞ்செல்லாம் கால்மாட்டுக்கு இறங்கி, தலைமாட்டில் வெறும் துணிதான் மிஞ்சும். தூவி இன்னர் லேசானது, சூடும் அதிகம், ஆனால் விலை பல மடங்கு. "டவுன்" என்று பெரிதாகப் போட்டு உள்ளே பெரும்பாலும் முள்ளுள்ள இறகாக இருப்பதும் உண்டு, சதவீதத்தைப் படியுங்கள். வாத்து, கூஸ் இறகு என்பதால் சைவ வீடுகளில் பலர் அதைத் தொடுவதில்லை. பாலியஸ்டரிலேயே நல்லது கிடைக்கும்போது அதற்காக வருத்தப்பட ஒன்றுமில்லை.

பணம் அதிகம் வீணாவது அளவில்தான். இங்கே கட்டில் அகலங்கள்: சிங்கிள் 91 செ.மீ., த்ரீ-குவார்ட்டர் 107, டபுள் 137, குயின் 152, கிங் 183. டூவே அகலங்கள் முறையே 135, 150, 200, 230, 230. குயினுக்கும் கிங்குக்கும் அகலம் ஒன்றே என்பதைக் கவனியுங்கள். கிங் டூவே நீளத்தில்தான் 20 செ.மீ. கூடுதல். குயின் கட்டிலில் பக்கத்துக்கு 39 செ.மீ. தொங்கும், தாராளம். கிங் கட்டிலில் 23.5 செ.மீ.தான். இருவர் படுத்ததும் உடம்பின் மேடு அதை விழுங்கிவிடும். ஒருவர் புரண்டால் மற்றவர் முதுகில் குளிர் ஏறும். கிங் கட்டில்காரர்களின் நள்ளிரவு இழுபறிக்குக் குணத்தைக் குறை சொல்லிப் பயனில்லை, அது கணக்குப் பிழை. 260×230 அளவு சூப்பர் கிங் வாங்குங்கள். அதைவிட நல்லது ஆளுக்கொரு சிங்கிள். இரண்டும் சேர்ந்து 270 செ.மீ. வரும், ஒருவர் 300, மற்றவர் 500 ஜி.எஸ்.எம். என்று அவரவர் உடம்புக்கேற்ப வைத்துக்கொள்ளலாம். "தம்பதிக்குத் தனித்தனிப் போர்வையா" என்று கேட்கும் மாமியாருக்குப் பகலில் மேலே ஒரே விரிப்பைப் போட்டுக் காட்டினால் போதும்.

நீளத்திலும் ஒரு பொறி உண்டு. சாதாரண மெத்தை 188 செ.மீ., எக்ஸ்ட்ரா லெங்த் 200. டபுள், குயின் டூவேயின் நீளமும் 200தான். 200 மெத்தையில் போட்டால் கால்மாட்டில் ஒரு செ.மீ.கூடத் தொங்காது. உயரமானவர் கழுத்துவரை இழுத்தால் பாதம் வெளியே வரும். அங்கே 220 நீளமுள்ள கிங் டூவே எடுங்கள், கட்டில் குயினாகவே இருந்தாலும்.

கவர் துணிக்கு வருகிறேன். பாலிகாட்டன் இஸ்திரி கேட்காது, சுருங்காது, மலிவு. ஆனால் ஒரு வருடத்தில் மணிமணியாக உருண்டு முழங்காலில் உரசும். பருத்தியில் பெர்கேல் என்றால் ஓர் இழை மேலே, ஓர் இழை கீழே என்று நெய்த மொடமொடப்பான துணி, குளிர்ச்சி. சாட்டீன் வழுவழுப்பு, கொஞ்சம் கதகதப்பு. இழை எண்ணிக்கை, அதாவது ஒரு சதுர அங்குலத்தில் எத்தனை இழை என்பது, 200-லிருந்து 400-க்குள் இருந்தால் தாராளம். 1,000 என்று போட்டிருப்பது பெரும்பாலும் முறுக்கிய பல இழையைத் தனித்தனியாக எண்ணும் வித்தை. பருத்தி முதல் சலவையில் 3-லிருந்து 5 சதவீதம் சுருங்கலாம். 200 செ.மீ. கவர் 190 ஆகிவிட்டால் உள்ளே இன்னர் மடிந்து கட்டிகட்டியாக நிற்கும். லேசாக, ஐந்து செ.மீ. வரை கவர் சிறியதாக இருப்பது நல்லதே, புசுபுசுவென்று நிற்கும். அதற்கு மேல் போனால் தொல்லை.

கவர் மாட்டுவதுதான் எல்லோரும் அழும் வேலை. உள்ளே புகுந்து மூலை தேடாதீர்கள். கவரை உள்புறம் வெளியே வரும்படி திருப்பி, வாய் கால்மாட்டில் இருக்குமாறு மெத்தைமேல் விரியுங்கள். அதன்மேல் இன்னரைப் பொருத்தி விரித்து, தலைமாட்டு மூலைகளில் நாடா இருந்தால் கட்டுங்கள். தலைமாட்டிலிருந்து இரண்டையும் சேர்த்துப் பாய் சுருட்டுவதுபோல இறுக்கமாகச் சுருட்டிக்கொண்டு வாருங்கள். கால்மாட்டுக்கு வந்ததும் கவரின் வாயைப் பிரித்து, சுருளின் இரு முனையையும் அதற்குள் தள்ளி வெளிப்புறமாகத் திருப்புங்கள். பொத்தான் போட்டுவிட்டு மறுபடி தலைமாடு நோக்கி உருட்டிவிட்டால் தானே விரிந்துகொள்ளும். இரண்டு நிமிட வேலை.

டூவே வந்துவிட்டால் உடம்புக்கும் அதற்கும் நடுவே பெட்ஷீட் தேவையில்லை என்று இங்கே பலர் அதை விட்டுவிட்டார்கள். அதை நான் ஏற்கமாட்டேன். வியர்வையும் எண்ணெயும் அந்தத் துணியோடு நின்றுவிடும், வாரம் ஒருமுறை அலசுவது சுலபம். அது இருந்தால் கவரை மூன்று வாரத்துக்கு ஒருமுறை துவைத்தால் போதும். இல்லாவிட்டால் வாராவாரம் மேலே சொன்ன சுருட்டல் வித்தை. ஷீட் காலில் சுற்றிக்கொள்கிறது என்றால் அகலம் போதவில்லை என்று அர்த்தம். 152 செ.மீ. மெத்தை, 30 செ.மீ. தடிமன் என்றால் பக்கங்களுக்கே 212 ஆகிவிடும். அடியில் செருக இருபுறமும் 20 வேண்டும், ஆக சுமார் 250 செ.மீ. அகலம். 230 ஷீட்டில் செருக 9 செ.மீ.தான் கிடைக்கும், ஒரு புரளலில் உருவிக்கொண்டு வந்துவிடும்.

கம்பளியை ஒதுக்கிவிடாதீர்கள். ஆட்டுக் கம்பளி தன் எடையில் சுமார் 30 சதவீதம் வரை ஈரத்தை வாங்கிக்கொண்டும் ஈரமாகத் தெரியாது. பாலியஸ்டரால் அது முடியாது. ஜூலையில் டூவேக்கு மேல் லேசான கம்பளி ஒன்று போடலாம். ஆனால் நான்கைந்து கிலோ மிங்க் போர்வையை, அதான் பூவும் புலியும் போட்டு எல்லா வீட்டிலும் இருக்குமே அதை, டூவே மேல் போடாதீர்கள். பாரம் அமுக்கிக் காற்றை வெளியேற்றிவிடும். இரண்டு போர்வை போர்த்தியும் குளிர்கிறதே என்று புலம்பல் வரும். பெயர்தான் மிங்க் என்ற மென்மயிர் விலங்கினுடையது, உள்ளே செயற்கை இழை. குளிர்காலம் இங்கே வறண்ட காலம் என்பதால், பாலியஸ்டர் பைஜாமாவோடு இருட்டில் அதை உதறினால் பொரிகிற சத்தத்தோடு நீலப் பொறி பறப்பது கண்ணுக்கே தெரியும். நடுவே பருத்தி ஷீட் இருந்தால் ஷாக் பெரிதும் குறையும். லெசோத்தோ நாட்டுப் பசோத்தோ மக்களின் கம்பளி அழகைப் பார்த்துக் கட்டிலுக்கென்று வாங்குபவர்களும் உண்டு. அது தோளில் சுற்றிக்கொள்ளும் உடை, கட்டிலுக்கு நீளமும் அகலமும் போதாது.

மின்கம்பளம், அதாவது மின்சாரத்தில் சூடாகும் விரிப்பு, வாங்கினால் அது ஷீட்டுக்கு அடியில், மெத்தைமேல் நாடாவால் கட்ட வேண்டியது. படுக்க அரைமணி முன்பு போட்டு, மேலே டூவேயை விரித்து வையுங்கள். படுத்ததும் அணைத்துவிடுங்கள். கோடையில் மடித்து வைத்தால் உள்கம்பி மடிப்பில் முறியும்; சுருட்டி வையுங்கள். மின்வெட்டு நாளுக்கு ஒரு ரப்பர் வெந்நீர்ப் பையும் இருக்கட்டும், கொதிக்கும் நீரை ஊற்றாமல்.

எட்டு மாதக் குழந்தைக்கு டூவே, கம்பளி, தலையணை எதுவும் கூடாது. முகத்தில் ஏறினால் தானாகத் தள்ளத் தெரியாது. கைக்குத் துளை வைத்த, கழுத்துப் பொருத்தமான உறக்கப் பை வாங்கி, உள்ளே முழுக்கைச் சட்டை போடுங்கள். ஆறு வயதுப் பையனுக்கு சிங்கிள் 300 போதும், ஜூலையில் மேலே லேசான கம்பளி ஒன்று.

இன்னரை வருடம் ஒருமுறை, மிஞ்சினால் இருமுறை துவைக்கலாம். மெஷின் 8 கிலோ என்று போட்டிருக்கிறதே என்று நம்பாதீர்கள், இங்கே எடையைவிடக் கனபரிமாணம் முக்கியம். காய்ந்த இன்னரைப் போட்டபின் டிரம்மில் மேலே ஒரு சாண் இடம் இருக்க வேண்டும். சோப்பு பாதி அளவு, அலசல் இருமுறை. ஜோகன்னஸ்பர்க் குளிர்கால வெயில் இதற்கு வரம்: காலை பத்து மணிக்கு இரண்டு கொடிகளுக்குக் குறுக்கே போட்டு, மணிக்கொருமுறை திருப்பித் தட்டிவிடுங்கள். மேலே காய்ந்திருந்தாலும் கட்டங்களைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள்; சில்லென்று பட்டால் உள்ளே ஈரம். அப்படியே மடித்தால் இரண்டு நாளில் புழுங்கல் நாற்றம்.

டர்பனில் இந்தக் கன்னச் சோதனை கோடையில் தேறவே தேறாது. டிரையரில் குறைந்த சூட்டில், இரண்டு டென்னிஸ் பந்தோடு சுற்றவிட வேண்டும். இளைப்பைக் கிளப்பும் தூசிப்பூச்சி கடலோர ஈரத்தில்தான் கொழிக்கும், மேட்டுநில வறட்சியில் திணறும். இளைப்பு உள்ளவர்கள் அங்கே 60 டிகிரி நீரில் துவைக்கக்கூடிய பருத்தி மட்டும் போர்த்திக்கொள்வது நல்லது. சித்தப்பா வீட்டில் ஏற்கெனவே டூவே இருந்தால் கோடையில் இன்னரை உருவிவிட்டு வெறும் கவரைப் போர்த்துங்கள், இரட்டை ஷீட் மாதிரி கச்சிதமாக இருக்கும். உருவிய இன்னரை பிளாஸ்டிக் பையில் அடைத்தால் பூஞ்சை பிடிக்கும்; பழைய பருத்தித் தலையணை உறையில் போடுங்கள். தைப்பூசக் காவடி விரதத்துக்குத் தரையில் படுப்பவர்கள் டூவேயைக் கீழே விரிப்பதைப் பார்க்கலாம். உடம்புப் பாரத்தில் அது காகிதமாகிவிடும், மறுபடி எழும்பாது. பாய்மேல் கம்பளியை இரண்டாக மடித்துப் போட்டு, மேலே துவைத்த ஷீட் விரித்தால் முதுகுக்கும் இதம்.