பயர் நைனாவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள்

போன இதழில் வேலூர் தீயணைப்பு வீரர் பயர் நைனா காலமான செய்தியை ஒரு ஓரத்தில் சின்னதாகப் போட்டிருந்தோம். அதற்கு வந்த கடிதங்களைப் பார்த்தபிறகு இந்த வாரம் வேறு கேள்விகளை எடுக்க மனசு வரவில்லை. சினிமாவும் அரசியலும் அடுத்த இதழுக்குக் காத்திருக்கட்டும். பெயரைப் போடலாமா என்று அவர் வீட்டம்மாவிடம் கேட்டேன். "பேரு போட்டா யாருக்குத் தெரியும், பயர் நைனான்னே போடுங்க" என்றார். அப்படியே போடுகிறேன்.

சத்துவாச்சாரி வாசகி: எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையும் அவரை நைனா என்றுதான் கூப்பிட்டோம். அவர் வாழ்க்கைக்குச் சில வரி போதுமா?

போதாதுதான் அம்மா. 1980களின் ஆரம்பத்தில் பயர்மேனாகச் சேர்ந்தவர். அப்போது இது வட ஆற்காடு மாவட்டம். திருவண்ணாமலை 1989இல்தான் தனியாகப் பிரிந்தது, ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டமானது 2019இல். அதனால் அரக்கோணத்திலிருந்து ஜவ்வாது மலை அடிவாரம் வரை எங்கே மாற்றல் போட்டாலும் அவருக்கு எல்லாம் ஒரே ஊர்தான். எந்தக் கிராமத்தில் ஏரி எந்தப் பக்கம், எந்தக் கிணற்றில் மோட்டார் ஓடுகிறது, எந்தச் சந்தில் வண்டி நுழையாது என்பதெல்லாம் மனசிலேயே வைத்திருந்தார். தீயணைப்பு வண்டியில் வழக்கமாக 4,500 லிட்டர் தண்ணீர் கொள்ளும். கேட்பதற்கு நிறைய என்று தோன்றும், ஆனால் கூரை வீடுகள் வரிசையாகப் பற்றிக்கொண்டால் சில நிமிஷத்தில் தீர்ந்துவிடும். அடுத்த தண்ணீர் எங்கே கிடைக்கும் என்று தெரிந்த ஆள் அந்த நேரத்தில் கூட இருப்பது எவ்வளவு பெரிய பலம் என்று அவரோடு வேலை பார்த்த டிரைவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

ஆள் ஆறடிக்கு மேல், மீசை கிருதாவோடு போய்ச் சேர்ந்திருக்கும். மெயின் பஜாரில் நின்று கூப்பிட்டால் லாங் பஜாரில் திரும்பிப் பார்ப்பார்கள் என்று வியாபாரிகள் சொல்வது வழக்கம். அந்தக் குரல் கூத்தில் பழகிய குரல். ஆரணி ரோட்டில் இருக்கும் அவர் ஊரில் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் நடக்கும்போது பீமன் வேஷம் அவருக்குத்தான், வேறு யாரும் கேட்கவும் மாட்டார்கள். கிரீடமும் புஜக்கட்டையும் கட்டிக்கொண்டு திரைக்குப் பின்னால் நின்று ஒரு குரல் கொடுப்பார், முன்வரிசையில் தூங்கிப்போன குழந்தைகள் எழுந்து உட்காரும். விடிய விடியக் கூத்தாடிவிட்டுக் களியும் முள்கத்திரிக்காய்க் குழம்பும் சாப்பிட்டு, காலை டூட்டிக்கு முதல் பஸ் பிடித்துவிடுவார்.

படுகளத்தன்று காலையில் மண்ணில் செய்து படுக்க வைத்த துரியோதனன் தொடையில் கதாயுதத்தால் அடிப்பவரும் அவர்தான், சாயங்காலம் தீமிதி நடக்கும்போது வேஷத்தைக் கலைத்துவிட்டுத் தீக்குழி ஓரத்தில் தண்ணீர்க் குடங்களோடு நிற்பவரும் அவர்தான். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு தீ மிதிக்க வரிசையில் நிற்பவர்களிடம் போய், "அம்மன் ஒண்ணும் கோச்சிக்கமாட்டா, புள்ளைய இங்க குடு, நீ போய்ட்டு வா" என்று குழந்தையை வாங்கிக்கொள்வார். ஊரில் யாரும் அவரிடம் மறுத்துப் பேசியதில்லை. நான் அந்தக் குழிக்கரையில் நின்று பார்த்திருக்கிறேன், ஒரு கையில் ஒரு குழந்தை, தோளில் இன்னொன்று, கண் மட்டும் தீயிலிருந்து நகராது.

அணைக்கட்டு வாசகர்: கிணற்றில் விழுந்த சினை மாட்டை அவர் ஒரே ஆளாகத் தூக்கினார் என்று எங்கள் பக்கம் சொல்கிறார்கள். உண்மையா?

ஒரே ஆளாக இல்லை. அப்படிச் சொன்னால் அவருக்கே கோபம் வரும், கயிறு பிடித்தவன் கை கொப்பளித்ததை யார் கணக்கில் சேர்ப்பது என்பார். மாடு கிணற்றில் விழுந்தால் எல்லோரும் முதலில் செய்வது வயிற்றில் கயிற்றைக் கட்டி இழுப்பது. மாட்டின் எடை முழுவதும் அந்த ஒரு கோட்டில் இறங்கித் தோலைக் கிழித்துவிடும், சினை மாடு என்றால் கன்றுக்கும் ஆபத்து. நைனா பழசாகி ஒதுக்கிய ஹோஸ் துண்டுகளைத் தனியாகச் சுருட்டி வைத்திருப்பார். தட்டையான அகலமான கான்வாஸ், அறுக்காது. முன்னங்காலுக்குப் பின்னால் ஒன்று, பின்னங்காலுக்கு முன்னால் ஒன்று என்று தொட்டில் மாதிரி கொடுத்து அதில்தான் கயிற்றைப் பூட்டுவார். அதற்கு முன்பு கயிறு முழுவதையும் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே விட்டு நிதானமாக இழுத்துப் பார்ப்பார், எங்கேயாவது இழை பிரிந்திருந்தால் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் கைக்குத் தெரிந்துவிடும். மேலே ஊர்க்காரர்கள் அவசரப்படுத்துவார்கள், திட்டக்கூடத் திட்டுவார்கள். அவர் கயிறு முடியும்வரை நிமிரமாட்டார். அப்புறம் தண்ணீரில் இறங்கி மாட்டின் தலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அதோடு பேசிக்கொண்டே இருப்பார், மேலே இழுப்பது ஊர் முழுக்க.

இதோடு ஒன்று சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், அவர் இருந்தால் இதைத்தான் முதலில் சொல்லியிருப்பார். ரொம்ப நாள் இறங்காத பாழுங்கிணற்றிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் விஷவாயு தங்கும், சுவாசிக்கக் காற்று இருக்காது. ஒருவர் இறங்கி மயங்கினால் அவரைத் தூக்க அண்ணன், அவரைத் தூக்க அப்பா என்று இறங்கி ஒரே வீட்டில் வரிசையாகப் போயிருக்கிறார்கள். அந்தக் காலத்தில் கிணற்றுக்குள் விளக்கை இறக்கிப் பார்ப்பார்கள், அணைந்தால் இறங்கக் கூடாது. விளக்கு எரிகிறது என்பதற்காகவும் நம்பி இறங்கக் கூடாது, ஏனென்றால் சில வாயுக்கள் விளக்கை அணைக்காமலே ஆளைக் கொல்லும். கழிவுநீர்த் தொட்டி அருகே நெருப்பையே கொண்டுபோகக் கூடாது, வெடிக்கும். யாராவது மயங்கி விழுந்தால் நீங்கள் இறங்காதீர்கள், 101 அல்லது 112க்கு அடியுங்கள்.

குடியாத்தம் வாசகர்: ஜனாதிபதி பதக்கம்கூட வாங்காதவருக்கு ஏன் இவ்வளவு?

குடியரசு தினத்துக்கும் சுதந்திர தினத்துக்கும் தீயணைப்புப் பதக்கங்கள் அறிவிக்கிறார்கள், அவற்றின் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. நைனா பெயர் அந்தப் பட்டியலில் வந்ததில்லை. உங்கள் ஊரிலேயே தீப்பெட்டி வேலை செய்யும் வயதான பெண்களைக் கேட்டுப் பாருங்கள் ஐயா. பட்டறை வாசலை அடைத்து மூட்டை அடுக்கியிருந்தால் உள்ளே போய் முதலாளியோடு மல்லுக்கு நிற்பார், தானே மூட்டையைத் தூக்கி ஓரமாகப் போடுவார், வழி திறந்தபிறகுதான் டீயைக் கையில் வாங்குவார். நடக்காமல் போன விபத்துக்கு யாரும் பதக்கம் கொடுப்பதில்லை, அதனால்தான் இவ்வளவு பக்கம்.

காட்பாடி கல்லூரி மாணவர்: தமிழ்ப் புத்தாண்டு அன்று அவர் ஸ்டேஷனுக்குப் போய்விட்டு வந்துதான் பாயசம் தொடுவார் என்று என் தாத்தா சொல்வார். ஏன்?

சித்திரை ஒன்று பெரும்பாலும் ஏப்ரல் 14இல் வரும் தம்பி. 1944இல் அதே தேதியில் பம்பாய் விக்டோரியா கப்பல்துறையில் நின்றிருந்த ஃபோர்ட் ஸ்டிகின் என்ற கப்பலில் தீப்பிடித்தது. பஞ்சுப் பொதிகளையும் வெடிமருந்தையும் ஒரே கப்பலில் ஏற்றியிருந்தார்கள். தீயணைப்பு வீரர்கள் தண்ணீர் அடித்துக்கொண்டிருக்கும்போதே சாயங்காலம் நாலு மணி சுமாருக்குக் கப்பல் வெடித்தது. 66 தீயணைப்பு வீரர்கள் அங்கேயே போனார்கள். அவர்கள் நினைவாகத்தான் நாடு முழுவதும் ஏப்ரல் 14ஐத் தீயணைப்பு தினமாகவும், 20ஆம் தேதிவரை தீத்தொண்டு வாரமாகவும் வைக்கிறார்கள். ரிட்டயர் ஆனபிறகும் நைனா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போய் அந்த அஞ்சலியில் கடைசி வரிசையில் நிற்பார்.

பஞ்சு வெளியே அணைந்த மாதிரி தெரியும், உள்ளே கனன்றுகொண்டிருக்கும். வைக்கோல் போரும் அப்படித்தான். மேலே எவ்வளவு தண்ணீர் அடித்தாலும் வழிந்து ஓடிவிடும், பிரித்துப் போட்டுத்தான் அணைக்க வேண்டும். நைனா பிரித்த போருக்குள் முழங்கைவரை கையை விட்டுச் சூடு பார்ப்பார். சூடு இருந்தால் வண்டி நகராது, ராத்திரி எத்தனை மணியானாலும் சரி.

வாணியம்பாடி ஆசிரியை: எங்கள் பள்ளிக்கு வந்து கேஸ் சிலிண்டர் தீயை அணைத்துக் காட்டினார். அந்தப் பாடத்தை இங்கே எழுத முடியுமா?

எழுதுகிறேன் டீச்சர். 2004 ஜூலை 16இல் கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் போனார்கள். சமையல் கூடத்தில் தொடங்கிய தீ கூரைக்குத் தாவியது. அந்தச் செய்தி வந்ததிலிருந்து நைனா ஓய்வு நாளை வீட்டில் கழித்ததே இல்லை என்பார் அவர் மனைவி. எந்தப் பள்ளி கூப்பிட்டாலும் போவார், கூப்பிடாத பள்ளிக்கும் போவார். கூட்டத்திலேயே பயந்து பின்னால் நிற்கும் பிள்ளையாகப் பார்த்து முன்னால் கூப்பிட்டு அதன் கையில்தான் ஈரச் சாக்கைக் கொடுப்பார்.

சிலிண்டரில் தீ எரிந்தால் சாக்கை நன்றாக நனைத்து, அதன் மேல்முனையில் கையை மடித்து மறைத்துக்கொண்டு, திரை மாதிரி முன்னால் பிடித்தபடி போய், உங்கள் பக்கத்திலிருந்து அந்தப் பக்கமாகப் போர்த்தி மூட வேண்டும், அப்புறம் வால்வை அடைக்க வேண்டும். பக்கத்தில் போக முடியாத அளவு தீ பெரிசாகிவிட்டால் எல்லோரையும் வெளியே கூட்டிக்கொண்டு 101க்கு அடியுங்கள். தீ இல்லாமல் கேஸ் வாடை மட்டும் வந்தால் சுவிட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு, வெளியே வந்து கேஸ் அவசர உதவி எண் 1906க்குச் சொல்லுங்கள். வாணலியில் எண்ணெய் பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றாதீர்கள், அடுப்பை அணைத்து மூடி போடுங்கள். உடம்பில் தீப்பிடித்தால் ஓடக் கூடாது, படுத்து உருள வேண்டும். சுட்ட இடத்தில் இங்க், தோசை மாவு, பற்பசை எதுவும் வேண்டாம், குழாய்த் தண்ணீரை 20 நிமிஷம் ஓடவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இதில் தோசை மாவைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் அவருக்கு நிஜமாகவே கோபம் வரும்.

பேரணாம்பட்டு வாசகர்: எங்கள் குடிசை எரிந்த அன்று எல்லோரும் போனபிறகும் அவர் மட்டும் சாம்பலைக் கிளறிக்கொண்டிருந்தார். என் அம்மாவின் டிரங்குப் பெட்டியை எடுத்துக் கொடுத்தார், உள்ளே ரேஷன் கார்டு ஓரம் கருகிக் கிடைத்தது. எல்லா இடத்திலும் இப்படித்தானா?

எல்லா இடத்திலும். உங்கள் கடிதம் மாதிரியே வேறு ஊர்களிலிருந்தும் வந்திருக்கின்றன, ஒருவருக்குப் பட்டா, ஒருவருக்குப் பித்தளைக் குடம், ஒரு பையனுக்குப் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட். டூட்டி நேரத்தில் வண்டியோடு கிளம்பியாக வேண்டும் என்பதால் ஷிப்ட் முடிந்து சைக்கிளில் திரும்பி வருவார். கூரை எரிந்த வீட்டில் சாம்பல் ஆறுவதற்கு நேரமாகும், அதற்குள் பிறர் கிளறிப் பொருளைக் கொண்டுபோவதும் உண்டு, அதனால் ராத்திரி அங்கேயே காவலுக்கு உட்கார்ந்திருக்கிறார். உங்கள் அம்மா அந்தப் பெட்டியை இன்னும் வைத்திருந்தால் ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள். அவர் பேத்தி இதையெல்லாம் ஒரு நோட்டில் ஒட்டி வருகிறாள்.

ஆற்காடு வாசகி: என் மகன் பயர் சர்வீஸில் சேர ஆசைப்படுகிறான். என்ன படிக்க வேண்டும்?

பத்தாம் வகுப்பு தேர்ச்சி போதும். பொதுவாக வயது 18லிருந்து 26, வகுப்புவாரியாகத் தளர்வு உண்டு. தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வாணையம் இரண்டாம் நிலைக் காவலர், சிறைக் காவலரோடு சேர்த்து ஒரே தேர்வாக நடத்தும். எழுத்துத் தேர்வில் தமிழ்த் தகுதித் தாள் உண்டு. உடற்தகுதியில் 1,500 மீட்டரை 7 நிமிஷத்தில் ஓட வேண்டும், கயிறு ஏற வேண்டும். அறிவிப்பு வரும்போது உயரம், வயது விவரத்தை அதில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். நேதாஜி ஸ்டேடியத்தில் விடியற்காலையில் ஓடும் பையன்களில் சிலர் நைனாவிடம் கயிறு ஏறப் பழகியவர்கள், மகனை அங்கே அனுப்புங்கள், சொல்லிக் கொடுப்பார்கள்.

பாகாயம் இளைஞர்கள் சிலர்: பதினாறாம் நாள் காரியத்துக்குப் பெரிய பிளக்ஸ் வைக்கப் பணம் சேர்த்திருக்கிறோம். வேறு ஏதாவது செய்யலாமா?

பிளக்ஸ் வேண்டாம் தம்பிகளா. படத்திறப்புக்கு ஒரு சின்னப் படமும் மாலையும் போதும். உங்கள் பக்கத்தில் ரோட்டை ஒட்டியே கைப்பிடிச் சுவர் இல்லாத விவசாயக் கிணறுகள் இருக்கின்றன. ராத்திரியில் டூவீலர் இறங்கிவிடும் என்று நைனா வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்த விஷயம் இது, மனு எழுதி எழுதி ஊராட்சி அலுவலகத்தில் கொடுத்ததும் உண்டு. ஒரே ஒரு கிணற்றைத் தேர்ந்தெடுங்கள். நிலத்துக்காரரிடம் சம்மதம் வாங்குங்கள், ஊராட்சித் தலைவரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, இடுப்பளவுக்குச் சுற்றுச்சுவர் எழுப்புங்கள். ரோட்டுப் பக்கம் வெளிச்சம் பட்டால் மின்னும் ஸ்டிக்கர் ஒட்டுங்கள். சுவரில் அவர் பெயரை எழுதுவதும் எழுதாததும் உங்கள் விருப்பம். பணம் மிச்சமிருந்தால் ஒரு நல்ல நைலான் கயிறும் ஒரு டயர் டியூபும் வாங்கி, ராத்திரியிலும் யாரும் எடுக்கிற மாதிரி அந்தக் கிணற்றுக்குப் பக்கத்து வீட்டில் கொடுத்து வையுங்கள்.