மவுண்டன் டல்சிமர்: எந்த வடிவம், எப்படி உட்காருவது? கேள்வி பதில்

மவுண்டன் டல்சிமர் அமெரிக்காவின் அப்பலாச்சியன் மலைப்பகுதித் தந்திக் கருவி; மடியில் கிடத்தி வாசிப்பது.

கே: உடுக்கை போல இடை சிறுத்த வடிவம், கண்ணீர்த்துளி வடிவம் இரண்டும் ஒரே விலையில் கிடைக்கின்றன. எதில் நாதம் நன்றாக இருக்கும்?

ப: வடிவத்தை வைத்து நாதத்தைச் சொல்ல முடியாது. பெட்டியின் ஆழமும் மேல்பலகையின் கனமும்தான் கணக்கு. இடை சிறுத்தது கென்டக்கி மரபு, அங்கே நாட் கவுண்டியில் எட்வர்ட் தாமஸ் என்ற கைவினைஞர் செய்து விற்ற பாணி. புதிதாகப் பழகுபவருக்கு அதையே சொல்வேன். இரு முனையும் அகலமாக இருப்பதால் இரு தொடைகளிலும் படிந்து நிற்கும். கண்ணீர்த்துளியின் தலைப்பக்கம் (முறுக்காணி உள்ள முனை) ஒடுங்கியது. இடது தொடையில் உருளப் பார்க்கும்.

கே: கை சிறியது. தந்திகளை டி-ஏ-டி (D-A-D) சுருதியில் வைத்து 0-1-3 பிடிக்க (மந்திரத் தந்தி திறந்தபடி, நடுத்தந்தி 1ஆம் மெட்டில், அடுத்தது 3ஆம் மெட்டில்) எட்டவே மாட்டேன் என்கிறது.

ப: தந்தி நீளத்தை, அதாவது தலைப்பக்கம் தந்தி படியும் நட்டிலிருந்து மறுமுனையில் தந்தியைத் தாங்கும் குதிரை வரை, அளந்து பாருங்கள். 28½ அங்குலமென்றால் 1ஆம், 3ஆம் மெட்டுகளுக்கு இடையே சுமார் 4 அங்குலம். 25 என்றால் 3½. சிறிய கைக்கு அந்த அரை அங்குலம் பெரிய விஷயம். ஆனால் குட்டைக் கருவியில் அதே தந்தியைப் போட்டால் தொளதொளத்து மெட்டில் இரையும். ஒரு படி தடித்த தந்தி போடுங்கள். விரலுக்குப் பதில் குச்சியால் அழுத்தி ஒரே தந்தியில் பாட்டு வாசிப்பவருக்கு இந்தக் கவலையே இல்லை.

கே: சற்று நேரம் வாசித்தாலே இடது மணிக்கட்டு வலிக்கிறது. கருவியும் நழுவுகிறது.

ப: கருவியை வயிற்றுக்கு இணையாக நேராக வைத்திருப்பீர்கள். குதிரைப் பக்கத்து வால்முனை வலது இடுப்போரம் ஒட்டட்டும். கருவியின் தலையை இடது முழங்கால் பக்கம் வெளியே தள்ளிச் சாய்வாக வையுங்கள். முதல் மெட்டுக்குப் போகும்போது மணிக்கட்டு மடங்காது, வலது கையும் குதிரைக்கு முன்னுள்ள, தந்தி மீட்டும் பள்ளத்தின் மேல் தானாக வந்து நிற்கும். கைப்பிடியில்லாத நாற்காலி வேண்டும். முழங்கால் இடுப்பைவிடத் தாழ்ந்தால் கருவி சறுக்கும். பாதத்தின் கீழ் ஒரு பலகை போட்டுத் தொடையை மட்டமாக்குங்கள். இரு முனையிலும் பட்டை மாட்டி இடுப்பைச் சுற்றிக் கட்டினால் இடது கை பிடிக்கும் வேலையிலிருந்து விடுபடும். வழவழப்பான துணியென்றால் மடியில் ரப்பர் வலை விரிப்பு.

கே: மடியில் ஒலி அமுங்குகிறது, மேசையில் கணீரென்கிறது. ஏன்?

ப: தொடையும் துணியும் அடிப்பலகையின் அதிர்வைத் தின்றுவிடுகின்றன. மேசைப்பலகையோ கூடச் சேர்ந்து அதிர்கிறது. மடிக்கும் கருவிக்கும் இடையே சிறு இடைவெளி விடும் போசம் போர்டு இதற்குத்தான். வர்ஜீனியாவின் கேலக்ஸ் ஊர்ப் பாணியில் இரட்டை அடிப்பலகையே உண்டு. மேசை உயரமென்றால் முழங்கை தூக்கித் தோள் பிடித்துக்கொள்ளும்.

கே: நின்று வாசிக்கலாமா?

ப: தாராளமாக. இடுப்பு உயரத்தில் ஆடாத ஸ்டாண்ட் போதும்.