தையல் போட்ட அன்று ஹெல்மெட் எங்கே இருந்தது?

கேள்வி: என் மகனுக்கு நான்கு வயது, வலிப்பு நோய் இருக்கிறது. நின்றுகொண்டிருக்கும்போதே உடல் துவண்டு விழுந்துவிடுகிறான். டாக்டர் சொன்ன ஹெல்மெட்டைப் போட்டுவிடுகிறேன். வீட்டுக்கு யாராவது வந்தால் மட்டும் கழற்றிவிடுவேன். மாத்திரை தவறுவதில்லை. நாள் முழுக்க அவன் பின்னாலேயே ஓடுகிறேன். அப்படியும் போன மாதம் நாத்தனார் குடும்பம் வந்திருந்தபோது விழுந்து, நெற்றியில் தையல். அவன் விழாமல் இருக்க நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: ஓடிப் பிடித்து அவனைக் காப்பாற்ற முடியாது, அம்மா. இந்த வகை வலிப்பில் தசைகள் சட்டென்று பிடிப்பை இழந்துவிடும். தடுக்கி விழும் பிள்ளை கையை ஊன்றிக்கொள்ளும். இவனால் அதுவும் முடியாது. தலையும் முகமும் நேராகத் தரையில் மோதும். ஓரடி தள்ளி நின்றாலும் உங்கள் கை போய்ச் சேராது. அதற்காகத்தான் ஹெல்மெட்.

ஆள் வந்தால் கழற்றுவதை ஒரு வரியில் எழுதினீர்கள். நாத்தனார் வந்த அன்று தையல் போட்டதை இன்னொரு வரியில் எழுதினீர்கள். இடையில் மாத்திரைக் கதை. நான் இரண்டையும் சேர்த்துத்தான் படித்தேன். (தையல் போட்ட டாக்டரிடமாவது உண்மையைச் சொன்னீர்களா?)

வீட்டில் ஆள் கூடும் நாளில்தான் அவனுக்கு ஹெல்மெட் அதிகம் தேவை. பிள்ளைகள் முட்டி மோதி ஓடுவார்கள். அவன் நேரத்துக்குத் தூங்க மாட்டான். தூக்கம் கெட்டாலே வலிப்பு வரலாம். உங்கள் கவனமோ சமையலில். அந்த நாளாகப் பார்த்துக் கழற்றி வைக்கிறீர்கள், நாலு பேர் ஏதாவது சொல்லிவிடுவார்களே என்று. சொல்லிவிட்டுப் போகட்டும்! அவனுக்கு இன்னும் அதில் வெட்கம் கிடையாது. ஆள் வரும்போதெல்லாம் அம்மா பரபரவென்று கழற்றினால் சீக்கிரமே வந்துவிடும். பள்ளிக்கூடத்தில் அவனே கழற்றிப் பைக்குள் வைப்பான்.

வந்து சாப்பிட்டுவிட்டுப் போவதற்கு மட்டும் சொந்தம் எதற்கு? வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்கவைக்கவும், கைகால்களை அமுக்கிப் பிடிக்காமல் இருக்கவும், வாயில் எதையும் திணிக்காமல் இருக்கவும், கடிகாரத்தைப் பார்த்து ஐந்து நிமிடம் தாண்டினால் ஆம்புலன்ஸைக் கூப்பிடவும் உங்கள் குடும்பத்தில் பெரியவர்கள் எல்லோருக்கும் தெரிய வேண்டும். தலையில் அடிபட்ட பிறகு திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலோ, எழுப்பியும் எழாமல் கிடந்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்பதும் தெரிய வேண்டும். குளியலறையில் அவனை நொடி நேரம்கூடத் தனியாக விடக் கூடாது என்பதும்தான். மறைத்துக்கொண்டே இருந்தால் இதையெல்லாம் யாருக்கு எப்போது சொல்லித்தருவீர்கள்?

அப்புறம், இவ்வளவு எழுதியும் உங்கள் கணவர் ஓரிடத்திலும் வரவில்லையே. வந்தது அவருடைய உடன்பிறந்தவள். பேச வேண்டியவரும் அவர்தான். அடுத்த முறை அவர்கள் கிளம்பும் முன்பே போன் செய்து, பையன் ஹெல்மெட்டோடுதான் இருப்பான் என்று அவரே சொல்லட்டும். பிள்ளைகள் ஏன் என்று கேட்டால் வலிப்பு என்றே சொல்லச் சொல்லுங்கள். டாக்டரிடமும் இந்த முறை அவரே கூட்டிப்போகட்டும். நெற்றியும் தாடையும் மறைகிற மாதிரி ஹெல்மெட் வேண்டுமா என்று கேட்டுவிட்டு வரட்டும்.