விதிப்படிதான் எல்லாம்னா திருடன் மேல தப்பு எப்படி?

தப்பு அவன் மேலதான். பழைய கிரேக்கத் தத்துவப் பள்ளியான ஸ்டோயிக்குகளோட கணக்குல விதி அவனைத் தாண்டி வேலை செய்யல, அவன் வழியாத்தான் செய்யுது. நீங்க கேட்ட 'எல்லாம் முன்னாடியே முடிவாயிருந்தா தண்டிக்கிறது அநியாயம் இல்லையா'ங்கிறதுக்கு கி.மு. 3ஆம் நூற்றாண்டுலயே அந்தப் பள்ளியோட தத்துவவாதி கிரிசிப்பஸ் பதில் சொல்லிட்டார். சரிவுல ஒரு உருளையையும் ஒரு கூம்பையும் தள்ளி விடுங்க, தள்ளினது நீங்கதான், ஆனா உருளை நேரா போகும் கூம்பு வளைஞ்சு சுத்தும், அது அததோட வடிவம். கேட்பாரில்லாம கிடக்குற பணம் வெளியில இருந்து வர்ற தள்ளு, 'எடுத்துக்கலாம்'னு மனசு ஒத்துக்கிறது அவனோட குணம். பொறுப்பு அந்த ஒப்புதல்லதான் இருக்கு.

நீங்க சிக்கினது, விதின்னா 'நாம என்ன செஞ்சாலும் அதுவேதான் நடக்கும்'னு எடுத்துக்கிட்டதால இருக்கலாம். பிழைக்கணும்னு விதி இருந்தா டாக்டர் எதுக்குன்னு அப்பவே கேட்டாங்க, அதுக்கு சோம்பேறி வாதம்னே பேரு. கிரிசிப்பஸ் சொன்னது, பிழைக்கிறதும் டாக்டரைக் கூப்பிடுறதும் சேர்ந்தே விதிக்கப்பட்டது, ஒண்ணை விட்டுட்டு இன்னொண்ணு வராது.

ஒரு சம்பவத்தை எடுத்து சோதிச்சுப் பாருங்க, அதே இடத்துல வேற ஆள் இருந்தா அதையேதான் செஞ்சிருப்பாரா? இல்லைன்னா காரணத்துல பெரும்பங்கு ஆள்கிட்டதான்.

ஆனா ஒண்ணு, அந்தக் குணமும் விதியாலதானே வந்துச்சுன்னு நீங்க திருப்பிக் கேட்டா அது நியாயமான கேள்வி, எனக்கு இந்தப் பதில் அங்க முழுசா பத்தல. கிரிசிப்பஸோட நூல்களும் முழுசா கிடைக்கல, இதெல்லாம் ரோமானிய எழுத்தாளர்கள் சிசரோ, கெல்லியஸ் எழுதி வச்சதுல இருந்து வர்றதுதான்.