கம்ப்யூட்டர் கேள்வி-பதில்: புது கர்னல் எப்ப போடணும், எப்ப தொடவே கூடாது

இந்த மாசம் வந்த கேள்விங்க பெரும்பாலும் லினக்ஸ் கர்னல் பத்தியே இருக்கு (கர்னல்ங்கறது மிசினோட சாமானையெல்லாம் ஓட்டற மைய ப்ரோக்ராம்; மின்ட், உபுண்டு, டெபியன், ஆர்ச், ஃபெடோரா எல்லாம் லினக்ஸ் வகைங்க), அதனால மொபைல், பிரிண்டர் கேள்வியெல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளிட்டேன், அனுப்பினவங்க கோவிச்சுக்காதீங்க.

அண்ணே, புது லேப்டாப் வாங்கி லினக்ஸ் மின்ட் 21.3 போட்டேன். எல்லாம் நல்லா ஓடுது, வைஃபை மட்டும் காட்டவே மாட்டேங்குது. கடைக்காரர் பாத்துட்டு, இதுல இருக்கறது ரியல்டெக் 8852பிஇ சிப்பு, லினக்ஸ்ல வராது, விண்டோஸுக்கே போயிடுங்கன்னு சொல்றார். நிஜமாவே வராதா?
– ஒரு வாசகர், மொகல் தெரு, யாங்கோன்

வரும் தம்பி. உங்க கர்னல் பழசு, விசயம் அவ்வளவுதான். மின்ட் 21.3 வந்தது 2024 ஜனவரில, ஆனா அதுக்குள்ள இருக்கற கர்னல் 5.15, அது 2021 அக்டோபர்ல வந்தது. இந்த சிப்போட டிரைவர், அதாவது சிப்பை ஓட்டற ப்ரோக்ராம், கர்னலுக்குள்ள சேந்ததே 6.2லதான், அதாவது 2023 பிப்ரவரி. லினக்ஸ்ல டிரைவருங்க முக்காவாசி கர்னலோட சேந்தே வர்றதால, கர்னல் பொறக்கறப்ப இல்லாத சிப்பை அதுக்கு அடையாளம் தெரியாது. புது மிசினுக்கு கர்னல் மாத்தறதுக்கு ஒழுங்கான காரணம் இது ஒண்ணுதான்னு நான் நெனைக்கறேன்.

மொதல்ல கடைக்காரர் சொன்ன சிப்பு சரிதானான்னு பாத்துக்கங்க, மெனுவில சிஸ்டம் ரிப்போர்ட்ஸ் தொறந்து சிஸ்டம் இன்ஃபர்மேஷன்ல நெட்வொர்க் வரியப் பாத்தா பேரு இருக்கும். அப்புறம் போனை யுஎஸ்பி ஒயர்ல மாட்டி டெதரிங் போடுங்க, வைஃபை இல்லாமலே நெட் வந்துடும், இதுக்குன்னு டாங்கிள் ஒண்ணும் வாங்கவேணாம். நெட் வந்ததும் அப்டேட் மேனேஜர் தொறந்து, மேல வியூ மெனுவில லினக்ஸ் கர்னல்ஸ்னு இருக்கறத அமுக்குங்க, ஒரு எச்சரிக்கை வரும், படிச்சுட்டு தொடருங்க. இடது பக்கம் 5.15, 6.8ன்னு வரிசையா நிக்கும், 6.8ல மேல இருக்கறதப் போட்டு ரீஸ்டார்ட் பண்ணுங்க. எந்தக் கர்னலுக்கு எது வரைக்கும் பாதுகாப்பு அப்டேட் வரும்னு அந்த ஜன்னல்லயே போட்டிருக்கும், காலம் முடிஞ்சு போன 5.19, 6.2, 6.5 மாதிரி நடுவுல உள்ளதுங்களத் தொடாதீங்க.

போன் டேட்டாவுல இறக்கினா காசு கரையும், கர்னல் ஒரு நூத்தைம்பது இருநூறு எம்பி கிட்ட வரும். அதனால ஃப்ரெண்டு வீட்ல இறக்கி பென்டிரைவ்ல கொண்டாரலாம்னு செல பேர் பண்றாங்க, தப்பில்லை, ஆனா இமேஜ், மாடியூல்ஸ் ரெண்டை மட்டும் எடுத்துட்டு வந்து போட்டுட்டு இன்னும் வைஃபை வரலையேன்னு முழிக்கறாங்க. வைஃபை டிரைவருங்க பூரா மாடியூல்ஸ்-எக்ஸ்ட்ராங்கற தனிப் பொட்டலத்துல (பேக்கேஜ்) இருக்கு, அதையும் சேத்து எடுங்க, ஹெடர்ஸ் ரெண்டும் கூட.

இவ்வளவும் பண்ணியும் வரலைன்னா கர்னலைக் குத்தம் சொல்லாதீங்க, ஃபர்ம்வேர் பழசா இருக்கும். அது சிப்புக்குள்ள ஏத்தற சின்ன ப்ரோக்ராம், கர்னலோட வராது, லினக்ஸ்-ஃபர்ம்வேர்னு தனியா வரும். அதுவும் லேசுப்பட்ட சைஸ் இல்லை, கர்னலை விடப் பெருசு, ராத்திரி நெட் நல்லா இருக்கறப்ப விடுங்க. சாஃப்ட்வேர் சோர்ஸஸ்ல மிரர், அதாவது அப்டேட் இறக்கற சர்வர், மாத்தற எடத்துல வேகத்தை அதுவே அளந்து காட்டும், சிங்கப்பூர், தாய்லாந்து பக்கத்துல எது வேகமா வருதோ அதை வச்சுக்கங்க.

ஐயா, அப்டேட் ஓடிட்டு இருக்கறப்ப கரன்ட் போயிடுச்சு. திரும்ப போட்டா கருப்பு ஸ்கிரீன்ல கர்னல் பேனிக்னு என்னமோ எழுதி அப்படியே நிக்குது. மகளோட படிப்பு ஃபைல் எல்லாம் அதுலதான் இருக்கு. ஃபார்மட் பண்ணணும்னு சொல்றாங்க.
– ஒரு தாயார், திங்கன்ஜூன்

அம்மா, ஃபார்மட் பண்ண விடவே விடாதீங்க. ஃபைல் எல்லாம் பத்திரமா இருக்க வாய்ப்பு ரொம்ப அதிகம். நடந்தது என்னன்னா, புது கர்னலை வச்சதுக்கு அப்புறம் இனிட்ராம்எஃப்எஸ்னு ஒரு ஃபைலை மிசின் தயார் பண்ணும், டிஸ்க்கைத் தொறக்கறதுக்கு வேண்டிய சாமானெல்லாம் அதுலதான் இருக்கும், அது பாதில நின்னுபோனா கர்னல் எழுந்திருச்சு டிஸ்க் எங்கன்னு தெரியாம அப்படியே பேனிக் ஆயிடும். பழைய கர்னல் எங்கயும் போகலை, பக்கத்துலயே குத்துக்கல்லு மாதிரி உக்காந்திருக்கு.

மிசினைப் போட்டதும் எஸ்கேப் கீயைத் தட்டுங்க, பழைய பயாஸ் மிசினா இருந்தா ஷிஃப்ட்டைப் புடிச்சுட்டே இருங்க, எந்தக் கர்னல்ல தொறக்கணும்னு கேக்கற க்ரப் மெனு வரும். அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்க்குள்ள போனா கர்னல் பேருங்க வரிசையா இருக்கும், ரெண்டாவது நம்பரு, அதாவது கொஞ்சம் சின்ன நம்பரு, அதைத் தேர்ந்தெடுத்து என்டர். தொறந்துடும். தொறந்த ஒடனே மகளோட ஃபைலை ஒரு பென்டிரைவ்ல எடுத்து வச்சுக்கங்க, மத்ததெல்லாம் அதுக்கப்புறம்.

அப்புறம் பாதில நின்ன வேலைய முடிக்கணும். அதே மெனுவில பழைய கர்னல் பேருக்குப் பக்கத்துல ரிக்கவரி மோட்னு போட்டது ஒண்ணு இருக்கும், அதுல போனா டிபிகேஜின்னு (dpkg) ஒரு வரி, அமுக்கினா அதுவே ஒடைஞ்சதை ஒட்டவைக்கும். டெர்மினல் பழக்கமுள்ள புள்ளைங்க யாராவது இருந்தா, சூடோ டிபிகேஜி, ரெண்டு கோடு போட்டு கான்ஃபிகர், ஒரு கோடு போட்டு ஏ, இவ்வளவுதான்னு சொல்லுங்க, அதுங்களுக்குப் புரியும். அப்பவும் புது கர்னல் எழுந்திருக்கலைன்னா ஃபைலே அரைகுறையா எழுதியிருக்கும், பழைய கர்னல்ல நின்னுட்டு அப்டேட் மேனேஜர் கர்னல் லிஸ்ட்ல புதுசை எடுத்துட்டு மறுபடி போடணும்.

இனிமே இப்படி ஆகாம இருக்க ஒரு வழி இருக்கு, இதை நம்ம ஊர்ல எல்லாரும் தெரிஞ்சுக்கணும், ஏன்னா இந்த சாஃப்ட்வேர் எழுதறவங்க யாரும் லைன் வர்ற நேரம் போற நேரம்னு அட்டவணை வச்சு பொழைக்கறவங்க இல்லை. இறக்கறது வேற, போடறது வேற. இறக்கறப்ப கரன்ட் போனா ஒண்ணும் ஆகாது, திரும்ப வந்ததும் விட்ட எடத்துல இருந்து இறக்கும். ஆபத்து எல்லாம் போடற அந்த செல நிமிசத்துலதான். மின்ட்ல பொட்டலங்களை இறக்கிப் போடறதுக்கு சினாப்டிக்னு ஒண்ணு ஏற்கனவே இருக்கும், அதுல அப்ளை அமுக்கினா வர்ற பெட்டில பொட்டலத்தை இறக்க மட்டும் செய்ங்கற மாதிரி ஒரு டிக் இருக்கும், அதைப் போட்டு இறக்கி வச்சுட்டு, இன்வெர்ட்டர் பேட்டரி ஃபுல்லா இருக்கற நேரமாப் பாத்து நிதானமா போடுங்க. லேப்டாப்னா கவலையே இல்லை, பாதி சார்ஜுக்கு மேல இருந்தா போதும். எஸ்எஸ்டி இருந்தா சீக்கிரம் முடியும், பழைய ஹார்ட்டிஸ்க்னா டீ குடிச்சுட்டு வர்ற நேரம் ஆகும்.

சென்னைல இருக்கற என் மச்சான் ஆர்ச் லினக்ஸ் வச்சிருக்கான், போன் பண்ணும்போதெல்லாம் ஒரு புது கர்னல் நம்பர் சொல்றான். என் உபுண்டு 24.04ல இன்னும் 6.8தான். கர்னல் பண்றவங்களே 6.8ஐ கைவிட்டுட்டாங்களாமே, நான் பாதுகாப்பு இல்லாம ஓட்டறேனா?
– பெகு வாசகர்

மச்சான் சொன்னதுல பாதி உண்மை, அதனாலதான் இவ்வளவு பயமுறுத்துது. லினக்ஸ் கர்னலை உருவாக்கின லைனஸ் டோர்வால்ட்ஸோட குழு ஒம்போது பத்து வாரத்துக்கு ஒரு தடவை புது கர்னல் விடறாங்க. சாதாரண கர்னலுக்கு அவங்க கவனிப்பு அடுத்தது வந்து கொஞ்ச நாள் வரைக்கும்தான், 6.8ஐ 2024 மே மாசத்தோட விட்டுட்டாங்க, சரிதான். 5.15, 6.1, 6.6, 6.12 மாதிரி சிலதை மட்டும் வருசக்கணக்கா பாத்துக்கறாங்க.

ஆனா உங்க மிசின்ல இருக்கறது அவங்க விட்ட 6.8 இல்லை. உபுண்டுக்காரங்க 6.8ஐ எடுத்து, பின்னாடி வந்த பாதுகாப்புத் திருத்தங்களை அதுக்குள்ள தையல் போட்டு, 2029 வரைக்கும் கொடுக்கறாங்க. 6.8.0 அப்படின்னு போட்டு கோடு போட்டு ஒரு நம்பர் வருதுல்ல, அந்தக் கடைசி நம்பர்தான் ஏறிட்டே போகும், அது ஏறுதான்னு பாருங்க போதும். முன்னாடி நம்பர் பெருசா இருந்தா நல்ல கர்னல்னு ஒண்ணும் கெடையாது. 5லேந்து 6க்கு 2022 அக்டோபர்ல போனதுக்கே பெரிய காரணம் எதுவும் இல்லை, பின்னாடி நம்பர் ரொம்ப பெருசாயிடுச்சு, எண்ண வெரல் பத்தலைன்னு டோர்வால்ட்ஸே கிண்டலா சொல்றவர்.

ஒருவேளை புது சாமான் ஏதாவது மாட்டி அதுக்காக புது கர்னல் வேணும்னா உபுண்டுலயே எச்டபிள்யூஇன்னு (HWE) ஒரு வழி இருக்கு, லினக்ஸ்-ஜெனரிக்-எச்டபிள்யூஇ-24.04ங்கற பொட்டலத்தைப் போட்டா அடுத்தடுத்து வர்ற உபுண்டுவோட கர்னல் ஆறு மாசத்துக்கு ஒரு தடவை தானா வந்து சேரும், 2025 ஆகஸ்ட்ல வந்த 24.04.3ல அது 6.14. மின்ட் 22.2லயும் அதே 6.14தான். இது டிஜிட்டல் கையெழுத்து போட்டு வர்றது, கையெழுத்து இல்லாததை ஏத்த விடாத செக்யூர் பூட் இதை மறிக்காது, பாதுகாப்பு அப்டேட்டும் உண்டு.

மச்சான் அடுத்து உபுண்டுவோட மெயின்லைன் கர்னல் வெப் பக்கத்துலேந்து (உபுண்டு திருத்தம் சேக்காத கர்னலுங்க இருக்கற எடம்) நேரா எடுத்துப் போடச் சொல்வார், கேக்காதீங்க. அது பக் எங்க இருக்குன்னு சோதிக்கறதுக்கு வச்சிருக்கறது. கையெழுத்து இல்லாததால செக்யூர் பூட் போட்ட மிசின்ல ஏறவே ஏறாது, அப்புறம் அது தானா புதுப்பிச்சுக்காது, போட்ட நம்பர்லயே உக்காந்திருக்கும். புதுசு புதுசுன்னு போட்டுட்டு கடைசில உங்க 6.8ஐ விட ஓட்டை அதிகமான மிசினை வச்சிருப்பீங்க. ஸான்மாட், லிக்கரிக்ஸ்னு கேம் ஆடறவங்க போடற கர்னலுங்க இருக்கு, ஆசைக்குப் போட்டுப் பாக்கலாம், பில் போடற மிசின்ல வேணாம்.

மத்தபடி எப்பவும் புது கர்னல்தான் வேணும்னு மனசு கேட்டா ஃபெடோரா போட்டுக்கங்க, அதுல அதுவே முறையா வரும். மச்சானோட ஆர்ச்சும் நல்லதுதான், ஆனா அது வாராவாரம் இறக்கற டேட்டாவுக்கு பெகுலேந்து காசு கட்டப்போறது நீங்க.

கல்யாண ஆல்பம் ஸ்டூடியோ வச்சிருக்கோம். என்விடியா ஜிடி 710 கார்டு, மின்ட் 21. கர்னல் மாத்தினா வேகம் கூடுமா?
– மாந்தலே

கூடாது. விட்டுடுங்க. உங்க கார்டு பழைய கெப்ளர் வகை, அதுக்கு என்விடியா குடுக்கற கடைசி டிரைவர் 470, அதுக்கும் என்விடியா 2024லயே கவனிப்பை நிறுத்திட்டாங்க. அந்த டிரைவரு ஒவ்வொரு கர்னலுக்கும் டிகேஎம்எஸ்ங்கற கருவியால புதுசா கட்டணும், கர்னல் ரொம்ப புதுசா போச்சுன்னா கட்டறதே ஃபெயிலாயி நீங்க பெரிய பெரிய எழுத்தோட சின்ன ஸ்கிரீன்ல நிப்பீங்க, அதுவும் ஆல்பம் குடுக்க வேண்டிய நாளாத்தான் இருக்கும். 5.15க்கு 2027 வரைக்கும் அப்டேட் வருது. வேகம் வேணும்னா ரேமைப் பாருங்க, எஸ்எஸ்டியைப் பாருங்க.

டெபியன் 12ல இன்டெல் ஆர்க் ஏ380 கார்டு மாட்டினேன், சரியா எடுக்கலை.
– மோல்மீன்

ஒரு படில தப்பிடுச்சு உங்களுக்கு. டெபியன் 12 கர்னல் 6.1, ஆர்க் கார்டை எதுவும் சொல்லாமலே எடுத்துக்கறது 6.2லேந்து. பேக்போர்ட்ஸை, அதாவது புது பதிப்புலேந்து பழைய டெபியனுக்குக் கொண்டாந்து வச்சிருக்கற தொகுப்பை, சோர்ஸ்ல சேத்து அதுலேந்து கர்னலை மட்டும் எடுங்க, 6.12 கெடைக்கும், கூடவே நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர் பகுதி தொறந்திருக்கா, ஃபர்ம்வேர்-மிஸ்க்-நான்ஃப்ரீ போட்டிருக்கான்னு பாருங்க, அதையும் பேக்போர்ட்ஸ்லேந்தே எடுத்தா நல்லது. பேக்போர்ட்ஸ்ல இருக்கற மத்ததையெல்லாம் சேத்து இழுத்துடாதீங்க. நேரம் இருந்தா டெபியன் 13க்கே போயிடுங்க, 2025 ஆகஸ்ட்ல வந்தது, அதுல 6.12 வீட்டுக் கர்னலாவே இருக்கு, இந்த வேலையெல்லாம் தேவைப்படாது.

புது கர்னல் போட்டா தமிழ், பர்மிய எழுத்து அடிக்கறது போயிடுமா?
– கல்லூரி மாணவி, தட்டோன்

போகாது தங்கச்சி. ஃபான்ட்டு, கீபோர்டு எல்லாம் டெஸ்க்டாப்போட வேலை, கர்னலுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை. பர்மிய எழுத்து கட்டம் கட்டமா வந்தா பதௌக் ஃபான்ட் இருக்கான்னு பாருங்க, இருந்தும் கோளாறா தெரிஞ்சா அந்த ஃபைலை யாரோ ஜாஜிங்கற பழைய, யூனிகோடு இல்லாத பர்மிய எழுத்து முறைல அடிச்சிருக்காங்க.

பூட் பகுதி நெறைஞ்சு போச்சுன்னு அப்டேட்டே ஓட மாட்டேங்குது.
– யாங்கோன்

பூட் பகுதிங்கறது கர்னல் ஃபைலுங்க இருக்கற எடம், அதுல பழைய கர்னலுங்க சேந்துபோச்சு. மொதல் பதில்ல சொன்ன அதே லினக்ஸ் கர்னல்ஸ் ஜன்னல்ல பழையதை எடுக்க பட்டன் இருக்கு, இப்ப ஓடறது ஒண்ணு, அதுக்கு முந்தினது ஒண்ணு, ரெண்டை வச்சுட்டு மத்ததை எடுங்க. அந்த முந்தினதைக் கண்டிப்பா விட்டு வைங்க, இடம் பத்தலைன்னாலும் சரி, மேல திங்கன்ஜூன் அம்மாவுக்கு கை குடுத்தது அதுதான்.