விளக்குக்கு மட்டும்தான் கரண்டா?

கேள்வி: ஐயா, எங்களுடையது பேச்சிப்பாறைக்கு மேலே உள்ள காணி பழங்குடியினர் குடியிருப்பு. 20 வாட் சோலார் பலகை, 7 ஏ.எச். (ஆம்பியர்-மணி) பேட்டரி, 5 வாட் பல்பு இரண்டு தந்திருக்கிறார்கள். மழைக்காலத்தில் எட்டு மணிக்கே அணைந்துவிடுகிறது. இதில் தையல் மெஷினுக்கு மோட்டார் வைக்கலாமா? கரண்ட் லைன் கேட்டால் ‘காடு, முடியாது’ என்கிறார்கள்.
– வாசகி, பேச்சிப்பாறை

பதில்: மோட்டார் இதில் ஓடாது, மகளே. 12 வோல்ட், 7 ஏ.எச். என்றால், இரண்டையும் பெருக்கி, நிறைந்திருக்கும்போதே 84 வாட்-மணி. ஈய பேட்டரியில் பாதிக்கு மேல் இறக்கினால் சீக்கிரம் செத்துப்போகும், ஆக 42. இரண்டு பல்பும் நாலு மணி நேரம் எரியும். நடுவில் இரண்டு போன் சார்ஜ் போட்டால் அதில் பாதி போச்சு. மெஷின் மோட்டார் 100 வாட் என்று வையுங்கள், அரை மணி நேரம்கூடத் தாங்காது.

எட்டு மணிக்கே அணைவதற்கு மழையை மட்டும் குறை சொல்லாதீர்கள். நம் குமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டுதான். ஆனால் பலகைக்கு மேலே அயினியோ பலாவோ நிற்கிறதா என்று பாருங்கள். பலகைக்குள் செல்கள் மாலை கோத்ததுபோல வரிசையாக இணைந்திருக்கும். ஒரு மூலையில் நிழல் விழுந்தாலே மொத்த வரவும் குறையும். கொம்பை வெட்டுங்கள், பலகையைத் தெற்குப் பார்த்து லேசாகச் சரித்து வையுங்கள். பாசியும் தங்காது.

சரி, லைன். வயர்மேனாக இருந்த காலத்தில் கோதையாறு மின்நிலையத்துக்கு வேலைக்குப் போகும்போது உங்கள் பக்கத்துக் குடியிருப்பு ஒன்றில் மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் கட்டஞ்சாயா குடித்திருக்கிறேன். மேலே மொத்தம் 100 மெகாவாட் தரும் இரண்டு நிலையங்கள், கீழே மண்ணெண்ணெய். அந்தச் சாயா எனக்கு இறங்கவில்லை.

‘காடு’ என்ற பதிலோடு திரும்பி வராதீர்கள். 2006 வன உரிமைச் சட்டம், பிரிவு 3(2)-ஐப் படிக்கச் சொல்லுங்கள். பள்ளி, குடிநீர் என்று அதில் உள்ள 13 வசதிகளில் மின்கம்பியும் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான காட்டு நிலம் தரலாம். ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டக்கூடாது. கிராம சபை பரிந்துரை கட்டாயம். அதனால் முதல் வேலை தீர்மானம்தான்.

அதில் ‘வெளிச்சம் வேண்டும்’ என்று மட்டும் எழுதினால் இன்னொரு சோலார் பெட்டியைத் தந்து அனுப்பிவிடுவார்கள். எத்தனை தையல் மெஷின், எத்தனை மிக்ஸி, தண்ணீர் மோட்டார் எத்தனை குதிரைத்திறன் என்று வீடு வீடாக எண்ணி எழுதுங்கள். தீர்மானத்தோடு கொடுக்கும் மனுவின் நகலில், பெற்றுக்கொண்டதற்குச் சீல் வாங்காமல் மலையேற வேண்டாம்.