நிரலை விடுங்கள், முதலில் அந்த லேப்டாப்பைக் கவனிப்போம்

அரிதான நரம்பு நோய்களைக் கணினி உயிரியல் வழியாக ஆராயும் ஒரு போஸ்ட்டாக் (முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய) ஆய்வாளர் எழுதியிருக்கிறார். இரண்டு வருட வேலை முடியப் போகிறது, வேறு ஆய்வகத்தில் இடமும் கிடைத்துவிட்டது. இங்கே எழுதிய நிரல் எதையும் எடுத்துப் போகக்கூடாது என்கிறார் ஆய்வகத் தலைவர். வரப்போகும் கட்டுரையில் பெயர் இருக்குமா என்று கேட்டால் பதிலே இல்லை. பயத்தில் நிரல், நோயாளிகளின் மரபணுத் தரவு எல்லாவற்றையும் சொந்த லேப்டாப்பில் நகலெடுத்து வைத்துவிட்டேன், இது தப்பா என்று கேட்கிறார்.

தரவை எடுத்தது தப்புதான். உங்கள் பயம் எனக்குப் புரிகிறது, ஆனாலும் மற்ற இரண்டு விஷயங்களிலும் உங்களுக்கு இருக்கும் பலத்தை இந்த ஒரு நகல் கெடுத்துவிடும்.

இந்த மாதிரித் தரவைப் பயன்படுத்தும் அனுமதி பொதுவாக உங்கள் நிறுவனத்துக்கு, ஒரு குறிப்பிட்ட ஆய்வுக்காக, ஒப்பந்தத்தின் பேரில் தரப்படுவது. அமெரிக்க அரசின் மரபணு ஆய்வுத் தரவகமான டிபிகேப்பிலும் (dbGaP) அப்படித்தான்: ஆய்வாளர் இடம் மாறினால் புதிய நிறுவனம் வழியாகத் திரும்ப விண்ணப்பிக்க வேண்டும். பெயர்களை நீக்கிய தரவுதானே என்று நினைக்காதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 10,000 பேரில் 5 பேருக்கு மேல் இல்லாத நோயைத்தான் அரிதான நோய் என்கிறார்கள், இவற்றில் சில நோய்களுக்கு உலகம் முழுக்கவே சில டஜன் பேர்தான் தெரிய வந்திருக்கிறார்கள். வலிப்பு தொடங்கிய வயது, மரபணு மாற்றம், நாடு, இந்த மூன்றும் சேர்ந்தால் அது எந்தக் குழந்தை என்று தெரிந்துபோகலாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆர் மரபணுத் தரவைத் தனிப் பாதுகாப்புள்ள வகையில் வைத்திருப்பது சும்மா இல்லை.

அதற்காக இப்போதே உட்கார்ந்து சத்தமில்லாமல் அழித்துவிடாதீர்கள். பின்னால் விசாரணை என்று வந்தால் தடயத்தை மறைத்ததாக ஆகிவிடும். என்ன எடுத்தீர்கள், எப்போது, கிளவுடிலும் தானாக ஏறியிருக்கிறதா, வேறு யாராவது பார்த்தார்களா என்று உள்ளதை உள்ளபடி எழுதி, உங்கள் ஊர்ச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரிடம் அன்றே காட்டிவிட்டு நிறுவனத்தின் தரவுப் பாதுகாப்பு அலுவலருக்கு அனுப்புங்கள், எப்படி அழிப்பது என்பதை அவர் சொல்லட்டும். தள்ளிப்போட வேண்டாம். ஜிடிபிஆர் பொருந்தும் இடத்தில், இதை மீறலாக நிறுவனம் கருதினால், தெரியவந்த 72 மணி நேரத்துக்குள் ஒழுங்குமுறை அமைப்புக்குச் சொல்ல வேண்டிய கடமை அவர்களுக்கு வரலாம்.

சரி, நிரலுக்கு வருவோம். சம்பளத்துக்கு வேலை செய்யும்போது எழுதியது பெரும்பாலும் நிறுவனத்துக்குத்தான் சொந்தம். ஆனால் நீங்கள் ஊழியரா, உதவித்தொகை பெறுபவரா என்பதைப் பொறுத்து இது மாறலாம், அதனால் ஒப்பந்தத்தில் அறிவுசார் சொத்து பற்றிய பகுதியை எடுத்துப் படியுங்கள். நிறுவனத்தின் சம்மதத்தோடு எம்ஐடி, ஜிபிஎல் போன்ற திறந்த உரிமத்தில் ஏற்கெனவே வெளியிட்ட பகுதி இருந்தால், அந்த உரிமப்படி உலகத்தில் யாரும் எடுக்கலாம், நீங்களும்தான். இன்னொன்று, பதிப்புரிமை காப்பது எழுதிய வரிகளை, யோசனையை அல்ல. நீங்கள் கற்ற முறையை வைத்துப் புதிதாக எழுத, ரகசியக் காப்பு நிபந்தனையோ காப்புரிமையோ குறுக்கே வராதவரை, தடை இல்லை.

பெயர் விஷயத்தில் நீதிமன்றத்தை நம்பி இறங்க வேண்டாம். மருத்துவ இதழ்கள் பல பின்பற்றும், மருத்துவ இதழாசிரியர்களின் சர்வதேசக் குழுவான ஐசிஎம்ஜேஈயின் விதிகளில் கட்டுரையாசிரியர் ஆவதற்கு நான்கு தகுதிகள் உண்டு: ஆய்வில் கணிசமான பங்கு, எழுதுவதில் அல்லது திருத்துவதில் பங்கு, இறுதிப் பிரதிக்கு ஒப்புதல், ஆய்வுக்குப் பொறுப்பேற்பு. முதல் தகுதி இருப்பவரை மற்ற மூன்றிலும் பங்கேற்க விடாமல் வைத்து, அதையே காரணம் காட்டி நீக்கக்கூடாது என்பதும் அதிலேயே இருக்கிறது. அதனால் இந்த வாரமே தலைவருக்கு ஒரு மெயில் போடுங்கள், கோபம் வேண்டாம்: எந்தப் பகுப்பாய்வு, எந்தப் படம் உங்களுடையது, எந்தத் தேதி கமிட்டில் (நிரல் மாற்றத்தைச் சேமித்த பதிவில்) இருக்கிறது, வரைவைப் படித்துத் திருத்த நான் தயார் என்று. அதற்கும் மௌனம்தான் என்றால் நிறுவனத்தின் ஆய்வு நேர்மைக் குழுவுக்குப் போங்கள், கட்டுரை இதழுக்குப் போவதற்கு முன்பே.